நீரில் நிற்கும் காடு

பீளமேடு என்னும் பெயர் பூளைச் செடியால் வந்ததென்பர். பொங்கலுக்குக் காப்புக் கட்ட நாம் பறிக்கும் பூளை, வறண்ட நிலத்தில் தானே முளைப்பது. இத்தகைய மேட்டு நிலத்தில் வாழும் நமக்கு, ஆண்டு முழுதும் நீர் ஊறும் சேற்றில் ஒரு காடே செழித்து நிற்பது வியப்பாகத் தோன்றும்.

செங்கோட்டைக்கு மேற்கே, மலையைக் கடந்தால், கேரளத்தின் குளத்துப்புழை, அஞ்சல் பகுதிகளில் இத்தகைய காடுகள் உள்ளன. காட்டுச் சாதிக்காய்ச் சதுப்புகள் என இவற்றைக் கூறலாம். 1960இல் கிருஷ்ணமூர்த்தி என்பார் இவற்றைப் பற்றி முதன்முதல் எழுதினார். கர்நாடகத்திலும் கோவாவிலும் சில துண்டுகள் உண்டு.

நீர் தேங்கிய வயலில் பயிரின் வேர் அழுகுவதை உழவர் அறிவர். மண்ணில் காற்று இன்மையே அதன் காரணம். இம்மரங்களோ அதற்கு வழி கண்டுள்ளன. மலையாளத்தில் உண்டப்பயின் எனப்படும் மரத்தின் வேர்கள், மடக்கிய முழங்கால்போல் சேற்றுக்கு மேல் எழுந்து காற்றை உட்கொள்கின்றன. கொத்தப்பயின் என்னும் மரமோ, அடியில் பல தாங்குவேர்களை ஊன்றி நிற்கின்றது. இவற்றின் விதைகள் பருத்தவை. உலர்ந்தால் முளைக்கும் திறனை இழப்பவை. ஆதலின், நீர் வடிந்த இடத்தில் இக்காடு மீண்டும் தோன்றுவது அரிது.

இச்சதுப்பு மழைநீரை உறிஞ்சி வைத்து, கோடையில் ஓடைக்குச் சிறிது சிறிதாக விடுகின்றது. ஆயினும், பயனற்ற சேறு எனக் கருதி, மக்கள் பலவற்றை வடித்து நெல் வயலாக்கினர். இன்று கேரளத்தில் எஞ்சியிருப்பவை எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ ஒன்றரைச் சதுர கிலோமீட்டரே.

இதில் நமக்கும் ஒரு படிப்பினை உண்டு. மழை மறைவுப் பகுதியான நம் வட்டாரத்தில் அக்காடு வளராது. ஆனால், பள்ளத்தின் கரையில் நிற்கும் மருதும் புங்கும் நாவலும் மண்ணைப் பிடித்து, வெள்ளத்தின் வேகத்தைத் தணித்து, நீர் நிலத்துள் இறங்க உதவுகின்றன. தூர் வாரும்போது இவற்றை வெட்டுவதும், தோண்டிய மண்ணைத் தாழ்ந்த இடத்தில் கொட்டி மேடாக்குவதும் நம் கிணறுகளுக்கே கேடாகும்.

எனவே, பஞ்சாயத்து உறுப்பினர்கள் ஓடைப் புறம்போக்கின் எல்லையை அளந்து கல் நடச் செய்தல் வேண்டும். கரை மரங்களைக் கணக்கெடுத்துக் கிராம சபையில் படித்துக் காட்டுதல் வேண்டும். வெட்டிய மரத்திற்கு ஈடாக வேறு மரம் நட்டாலும், அது நிழல் தரப் பல்லாண்டுகள் ஆகும். இருப்பதைக் காத்தலே எளிது, செலவும் குறைவு.