படத்தைப் பார்ப்போம், பேசுவோம், எழுதுவோம்!

கரும்பலகையில் இருப்பதை உங்கள் பிள்ளை அழகாகப் பார்த்து எழுதும். ஆனால், "நேத்து என்ன செஞ்சே? நாலு வரி எழுது" என்றால் திகைக்கிறதா? பார்த்து எழுதுவது வேறு. யோசித்து எழுதுவது வேறு.

இது போன்ற கற்றல் இடைவெளிகளைக் குறைக்க, அரசுப் பள்ளிகளில் 2022 ஜூன் மாதம் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் தொடங்கப்பட்டது. முதலில் 1 முதல் 3-ஆம் வகுப்பு வரை. பின்னர் 4, 5-ஆம் வகுப்புகளுக்கும். கற்றல் நிலைக்கேற்ப அரும்பு, மொட்டு, மலர் என்று குழுக்கள். பாட்டு, கதை, படம் வழியே பாடம். 'அரும்பு' என்றால் மக்கு என்று அர்த்தமில்லை. பிள்ளை அங்கிருந்து தொடங்கணும், அவ்வளவுதான்.

இதே முறையை வீட்டிலும் செய்யலாம். உதாரணமாக, நீங்க எரியோட்டில் இருந்தால் கடைவீதியை செல்போனில் ஒரு படம் எடுங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளையும் சேர்த்து உட்கார வையுங்கள்.

1. முதலில் பேசட்டும்: யார் நிக்கிறாங்க? பையில என்ன இருக்கும்?

2. சொன்ன சொற்களைச் சின்னப் பிள்ளை எழுதட்டும். பெரிய பிள்ளை அவற்றை வாக்கியமாக்கட்டும்.

3. ஒருவர் வாசிக்கட்டும், அடுத்து என்ன நடக்கும் என்று மற்றவர்கள் ஆளுக்கொரு வரி சேர்க்கட்டும்.

'நிக்கிறாங்க' என்றே எழுதினாலும் உடனே அடிக்காதீர்கள். எழுதி முடித்த பிறகு, பக்கத்தில் 'நிற்கிறார்கள்' என்று எழுதிக் காட்டுங்கள். பயம் போனால்தான் எழுத்து வரும்.

பாட வீடியோக்களுக்கு 'மணற்கேணி' செயலி இலவசம். பள்ளிக்கல்வி தொடர்பான சந்தேகங்களுக்கு 14417 எண்ணை அழையுங்கள்.