மேற்கோள் எண்ணிக்கையும் கருவியலின் காலமும்

அடைவைத்து 36 மணி நேரமான முட்டை என்று குறித்துவைத்தால் கருவியலாளருக்கு அது போதாது. வெப்பம் சற்றுக் குறைந்தாலும், அடைக்கு முன் முட்டை குளிரில் கிடந்திருந்தாலும் கருவின் வளர்ச்சி பிந்திவிடும். ஆதலால் விக்டர் ஹாம்பர்கரும் ஹோவர்ட் ஹாமில்டனும் 1951-இல் கடிகாரத்தை விடுத்து உடலையே சான்றாகக் கொண்டு, கோழிக்கருவின் வளர்ச்சியை 46 நிலைகளாக வகுத்தனர். முதுகுப்புறத்தே உடற்கண்டங்கள் பத்து இணை தோன்றியிருப்பின் அது பத்தாம் நிலை. பிந்திய நிலைகளை அலகின் நீளமும் கால்விரலின் நீளமும் காட்டித்தரும். 1992-இல் வேறோர் ஆய்விதழ் அக்கட்டுரையை மறுபதிப்பாகவே வெளியிட்டது. இன்று நிலையெண்ணை மட்டும் எழுதி மூலத்தைச் சுட்டாது விடுவோரும் உளர். துறையின் பொதுவறிவாகவே அது கலந்துவிட்டது.

இத்தகைய உழைப்பை இதழ்களின் தாக்கக் காரணியால் அளக்க முற்படுவது பெரும்பிழை. முந்தைய ஈராண்டுகளில் ஓர் இதழ் வெளியிட்ட கட்டுரைகள் இவ்வாண்டு பெற்ற மேற்கோள்களை, அக்கட்டுரைகளின் தொகையால் வகுத்துவரும் எண் அது. யூஜின் கார்ஃபீல்டின் மேற்கோள் அடைவை ஒட்டிப் பிறந்து, இதழ்களைத் தெரிந்தெடுக்கத் துணைநின்ற அவ்வெண், ஆய்வர்க்குப் பணியும் நல்கையும் அளக்கும் கோலாயிற்று. கருவியலோ உயிர்களின் வேகத்தில் நடப்பது. வரிக்குதிரைமீன் பருவமடைய ஏறத்தாழ மூன்று திங்கள் ஆகும். ஒரு மரபணுவை மாற்றி, அம்மாற்றத்தைத் தாய்வழியும் தந்தைவழியும் பெற்ற கருவைக் காண இரு தலைமுறைகள் வளர்ந்தாக வேண்டும். ஒருவர் கண்டதை மற்றொருவர் ஆய்ந்து, எழுதி, மதிப்பாய்வு கடந்து அச்சேற்றுமுன் ஈராண்டு எளிதில் கழிந்துவிடும்.

ஜான் கர்டன் ஆப்பிரிக்க நகத்தவளையின் முட்டையிலிருந்த உட்கருவைப் புறஊதாக் கதிரால் அழித்தார். தலைப்பிரட்டையின் குடலணுவில் இருந்த உட்கருவை அங்கே செலுத்தினார். மிகச் சிலவே தலைப்பிரட்டைகளாக வளர்ந்தன. ஆயினும் முதிர்ந்த அணுவின் உட்கருவும் முழு உடலை ஆக்கவல்லது என்பதற்கு அச்சிலவே போதும். 1962-இல் அதனை வெளியிட்டது ஒரு கருவியல் இதழ். 1987 முதல் ‘டெவலப்மென்ட்’ என்னும் பெயர் தாங்குவது. முதிர்ந்த அணுக்களை 2006-இல் நான்கு காரணிகளால் தொடக்கநிலைக்குத் திருப்பிய ஷின்யா யமனாகாவோடு கர்டன் நோபல் பரிசு பெற்றது 2012-இல், அரை நூற்றாண்டு கழித்து.

அவ்வாண்டு டிசம்பரில்தான் சான் பிரான்சிஸ்கோவில் இதழாசிரியர்கள் கூடி ஆய்வு மதிப்பீட்டுச் சாற்றுரையை வரைந்தனர். இதழின் தாக்கக் காரணியைத் தனிக்கட்டுரைக்கோ அதை எழுதியவருக்கோ மதிப்பீடாகக் கொள்ளலாகாது என்பதே அதன் தலையாய பரிந்துரை.