30 எப்படி 55 ஆகிறது?

வாக்குப்பதிவு முடியும் நேரத்துக்கு முந்தைய 48 மணி நேரத்தில் தொலைக்காட்சிகள் கருத்துக்கணிப்பு வெளியிடக் கூடாது. அந்தக் கெடு நெருங்குவதால் கணிப்புகள் வரிசைகட்டுகின்றன. ‘விலைவாசியைச் சமாளிக்கும் திறமை எந்தக் கட்சிக்கு?’ என்ற ஒரே கேள்விக்குச் சேனலுக்குச் சேனல் விடை மாறுகிறதே, எதை நம்புவது என்று வாசகர்கள் கேட்டு எழுதுகிறார்கள்.

திறமைக் கணிப்பு என்பது என்ன?

மக்களின் நாடி என்று நடத்துபவர்கள் சொல்கிறார்கள். பதில் சொல்லச் சம்மதித்த சிலர், நீட்டப்பட்ட பட்டியலிலிருந்து ஒரு பெயரைச் சொன்னார்கள் என்பதே உண்மை.

சதவீதம் எப்படி வீங்குகிறது?

100 பேரிடம் கேட்பதாக வைத்துக்கொள்வோம். 30 பேர் முதல் கட்சியைச் சொல்கிறார்கள், 25 பேர் இரண்டாவதை. ‘யாராலும் முடியாது’ என்பவர்கள் 25 பேர், ‘தெரியாது’ என்பவர்கள் 20 பேர். கடைசி 45 பேரை நீக்கிவிட்டு மிச்சமுள்ள 55 பேரை நூறாக்கினால், 30 என்பது 54.5 ஆகிவிடும். ‘55 சதவீத மக்களின் நம்பிக்கை’ என்று தலைப்பு வரும்.

யாருக்கு வாக்கு என்ற கேள்வியில் இப்படி நீக்குவதற்கு ஒரு நியாயம் உண்டு. வாக்களிக்காதவர் முடிவை மாற்றப்போவதில்லை. திறமை பற்றிய கேள்வியில் அந்த நியாயம் இல்லை. கட்சிக்காரர் எப்போதும் தன் கட்சியைத்தான் சொல்வார். எந்தப் பக்கமும் சாயாதவரின் விடையில்தான் ஆட்சியைப் பற்றிய மதிப்பீடு இருக்கிறது. நீக்கப்படுவதோ பெரும்பாலும் அவர்தான். நாலில் ஒருவர் எந்தக் கட்சியையும் நம்பவில்லை என்பது தலைப்பாக வர வேண்டிய செய்தி. அதை மறைப்பது மக்களுக்குச் செய்யும் அநீதி.

கணிப்பில் முந்தினால் வெற்றியா?

2016 சட்டமன்றத் தேர்தலில் வாக்குப்பதிவுக்குப் பிந்தைய கணிப்புகளில் பெரும்பாலானவை திமுகவுக்குச் சாதகமாக இருந்தன. சுமார் 1 சதவீத வாக்கு வித்தியாசத்தில் அதிமுக ஆட்சியைத் தக்கவைத்தது.

வாக்கு சதவீதம் அப்படியே இடங்களாகுமா?

ஆகாது: 2014 மக்களவைத் தேர்தலில் தமிழகத்தில் அதிமுக சுமார் 44 சதவீத வாக்குகளுடன் 39 இடங்களில் 37ஐப் பிடித்தது, சுமார் 24 சதவீதம் பெற்ற திமுகவுக்கு ஓரிடமும் கிடைக்கவில்லை.

48 மணி நேரத் தடை நாளிதழ்களுக்கும் உண்டா?

இல்லை; இந்தத் தடையை விதிக்கும் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டப் பிரிவு அச்சு ஊடகத்தைத் தொடவில்லை.

வாக்குப்பதிவுக்குப் பிந்தைய கணிப்புக்கு?

அதே சட்டத்தின் 126ஏ பிரிவின் தடை அச்சுக்கும் பொருந்தும். மீறினால் 2 ஆண்டுகள் வரை சிறை.

வாசகர் எதைத் தேட வேண்டும்?

‘யாருமில்லை’, ‘தெரியாது’ என்றவர்களின் எண்ணிக்கையை. அதை வெளியிடாத கணிப்பை ஒதுக்கிவிடுங்கள்.