மாணவர் மேடையும் மதுரை மரபும்

1901ஆம் ஆண்டில் பாண்டித்துரைத் தேவர் நிறுவிய தமிழ்ச் சங்கமும், 1904இல் மகாகவி பாரதியார் சில மாதங்கள் தமிழாசிரியராகப் பணியாற்றிய சேதுபதி உயர்நிலைப் பள்ளியும் விளங்கும் மதுரை மாநகரில், பள்ளி மாணாக்கரின் நாவன்மைக்கு மேடை அமைத்துக் கொடுப்பது போற்றத்தக்க வழக்கமாக இருந்து வருகிறது.

பேச்சுப் போட்டியில், எச்சரிக்கை மணி ஒலித்த பின்னும் பதறாமல், குறித்த நிமிஷங்களுக்குள் கருத்தை நிறைவு செய்தல் வேண்டும். உச்சரிப்பையும் பொருட்செறிவையும் நடுவர்கள் தனித்தனியே மதிப்பிடுவார்கள். பட்டிமன்றமோ, எதிரணியின் வாதத்தைப் பொறுமையுடன் செவிமடுத்து, அதன் சாரத்தைக் கிரகித்த பின்னரே மறுத்துரைக்கும் உயரிய பண்பைப் போதிக்கிறது. இக்கலையைத் தமிழர் இல்லந்தோறும் கொண்டு சேர்த்த சாலமன் பாப்பையா அவர்கள், மதுரை அமெரிக்கன் கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியராக விளங்கியவர்.

எழுத்துக்கு இத்தகைய அப்பியாசத்தை அளித்தது கையெழுத்துப் பத்திரிகை. முத்து முத்தாக எழுதவல்ல ஒருவன் பிரதியெடுக்க, மற்றொருவன் ஓரங்களில் சித்திரம் தீட்ட, நூலால் தைத்த அந்த ஏடு வகுப்பெங்கும் கைமாறும். திருவாரூரில் மாணவப் பருவத்தில் மு. கருணாநிதி நடத்திய ‘மாணவநேசன்’ அவ்வகையைச் சார்ந்ததே.

பிறர் எழுதிக் கொடுத்ததை ஒப்புவிக்காமல், சுயமாகச் சிந்தித்துப் பேசவும் எழுதவும் துணியும் மாணாக்கரையே, பரிசுக் கோப்பைகளினும் மேலான செல்வமாக நம் பள்ளிகள் கருதுதல் வேண்டும்.