நெடுந்தூரச் சிக்கன வகுப்பு: இருக்கையும் சேவையும் உரிமையும்

பாலிகஞ்சிலும் அதனை அடுத்த லேக் மார்க்கெட், ராஷ்பிஹாரி அவென்யூ பகுதிகளிலும் தலைமுறைகளாக வாழ்ந்துவரும் தமிழ்க் குடும்பங்களில், பிள்ளைகள் கடல் கடந்து பணிபுரிவது இன்று இயல்பாகிவிட்டது. மகளின் பேறுகாலம், பேரனின் பட்டமளிப்பு என ஏதேனும் ஒரு காரணத்தால் அறுபதைக் கடந்த பெற்றோர் நியூயார்க்குக்கோ லண்டனுக்கோ புறப்படுகின்றனர். பயணச்சீட்டைப் பெரும்பாலும் பிள்ளைகளே எடுத்து அனுப்புகின்றனர். பொடி வகைகளும் புடவைகளும் பெட்டியில் இடம்பெறுகின்றன. ஆனால் இருபது மணி நேரத்திற்கும் மேலாக ஒரு குறுகிய இருக்கையில் அமர்ந்து செல்லவேண்டிய பயணத்திற்கு உடலையும் ஆவணங்களையும் ஆயத்தப்படுத்துவோர் மிகச் சிலரே. அந்த ஆயத்தத்திற்குத் துணைபுரிவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கொல்கத்தாவும் தொலைவும்

கொல்கத்தா நெடுந்தூர விமானங்களுக்குப் புதிய நகரமன்று. 1924-ஆம் ஆண்டிலேயே ஆம்ஸ்டர்டாமிலிருந்து பட்டாவியாவுக்குப் பறந்த கே.எல்.எம். நிறுவனத்தின் விமானம் இந்நகரில் இறங்கிச் சென்றது. பிற்காலத்தில் நிலை மாறியது. பிரிட்டிஷ் ஏர்வேஸ் 2009-லும், லுஃப்தான்சா 2012-லும் கொல்கத்தாவிலிருந்து விலகின. 2020 செப்டம்பரில் ஏர் இந்தியா தொடங்கிய லண்டன் நேரடிச் சேவையும் நிலைக்கவில்லை. ஆகவே நம் வாசகர்கள் துபாய், தோகா, சிங்கப்பூர், தில்லி, மும்பை போன்ற இடங்களில் விமானம் மாறிச் செல்வதே வழக்கமாக உள்ளது. துபாய்க்கு ஏறத்தாழ ஐந்து மணி நேரம். அங்கிருந்து நியூயார்க்கிற்கு ஏறத்தாழ பதினான்கு மணி நேரம். இடையில் காத்திருப்பு வேறு. நேரடி விமானம் இன்மையால் நமது பயணத்தில் நீளமும் சிக்கலும் ஒருங்கே கூடுகின்றன.

இருக்கை ஏன் சுருங்கியது?

அட்லாண்டிக் கடலைக் கடக்கும் விமானங்களில் குறைந்த கட்டணச் சுற்றுலா வகுப்பு 1952-இல் தோன்றியது. 1958-இல் சிக்கன வகுப்பு அறிமுகமாயிற்று. 1978-இல் அமெரிக்கா விமானக் கட்டணங்களின் மீதான அரசுக் கட்டுப்பாட்டை நீக்கியபின் போட்டி வளர்ந்தது, கட்டணம் குறைந்தது, ஒரே விமானத்தில் கூடுதல் இருக்கைகளைப் பொருத்தும் போக்கும் வலுப்பெற்றது. போயிங் 777 விமானத்தில் தொடக்கத்தில் வரிசைக்கு ஒன்பது இருக்கைகள் இருந்தன. இன்று பல நிறுவனங்கள் பத்து இருக்கைகளை அமைத்துள்ளன. வரிசைக்கு எட்டு இருக்கைகள் என எண்ணி வடிவமைக்கப்பட்ட போயிங் 787 விமானத்திலும் பெரும்பாலும் ஒன்பதே உள்ளன. இவ்விரண்டிலும் ஓர் இருக்கையின் அகலம் ஏறத்தாழ 17 அங்குலம். ஏர்பஸ் ஏ350, ஏ380 விமானங்களில் பொதுவாக 18 அங்குலம் கிடைக்கிறது. ஓர் அங்குலம் சிறிதெனத் தோன்றலாம். பதினான்கு மணி நேரம் அடுத்தவரின் தோளோடு தோள் உரச அமர்ந்திருப்பவருக்கே அதன் அருமை தெரியும்.

முன்னிருக்கைக்கும் நம் இருக்கைக்கும் இடையிலான தொலைவு பொதுவாக 31 அல்லது 32 அங்குலம். இத்தொலைவுக்குச் சட்டப்படியான குறைந்தபட்ச அளவு வேண்டும் என்ற கோரிக்கை நெடுநாளாக உள்ளது. இருக்கை அளவுகளுக்கு வரம்பு வகுக்குமாறு அமெரிக்க நாடாளுமன்றம் 2018-இல் சட்டம் இயற்றியது. அந்நாட்டு விமானப் போக்குவரத்து நிர்வாகம் 2022-இல் பொதுமக்களின் கருத்தைக் கேட்டது. அவசர வேளையில் அனைவரும் 90 வினாடிகளில் வெளியேற முடியுமா என்ற பாதுகாப்பு நோக்கிலேயே அந்த ஆய்வு நடைபெற்றது. பயணியின் வசதி அதன் பொருளாக இருக்கவில்லை. எனவே வசதியைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு நம்மையே சாருகிறது. பயணச்சீட்டு எடுக்கும்போது கட்டணத்தை மட்டும் ஒப்பிடாமல், எவ்வகை விமானம், வரிசைக்கு எத்தனை இருக்கை என்பவற்றையும் பிள்ளைகளிடம் கேட்டறிவது நன்று. அடிக்கடி எழுந்து நடக்கவேண்டிய முதியோருக்கு நடைபாதை ஓர இருக்கையே ஏற்றது. அதற்குத் தனிக் கட்டணம் கேட்கப்பட்டாலும், நீண்ட பயணத்தில் அது வீண் செலவாகாது.

காற்று, நீர், கால்கள்

விமானத்தின் உட்புறக் காற்றழுத்தம் தரைமட்ட அளவில் இருப்பதில்லை. அது 8,000 அடி உயரமுள்ள மலையில் நிலவும் அழுத்தத்திற்கு இணையாகும் வரை குறையலாம். உதகமண்டலத்தைவிடச் சற்றே உயரமான இடத்தில் பல மணி நேரம் அமர்ந்திருப்பதாக இதனைக் கருதலாம். போயிங் 787, ஏர்பஸ் ஏ350 விமானங்களில் இது ஏறத்தாழ 6,000 அடி அளவிலேயே பேணப்படுகிறது. இதய, நுரையீரல் நோய் உடையோர் பயணத்திற்கு முன் மருத்துவரை அணுகவேண்டியதன் காரணம் இதுவே. உட்புறக் காற்றின் ஈரப்பதமும் பெரும்பாலும் 20 விழுக்காட்டிற்கும் கீழே உள்ளது. தொண்டையும் கண்ணும் தோலும் வறள்வது இதனால்தான். கழிவறைக்கு எழ வேண்டியிருக்குமே எனத் தண்ணீரைத் தவிர்க்கும் பழக்கம் நம் வீட்டுப் பெரியவர்களிடம் உண்டு. இதனை அன்புடன் மாற்ற வேண்டும்.

இதனினும் கருத்தில் கொள்ளவேண்டியது காலின் ஆழ்சிரைகளில் இரத்தம் உறைதல். உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வுத் திட்டம் 2007-இல் வெளியிட்ட முடிவுகளின்படி, நான்கு மணி நேரமோ அதற்கு மேலோ அசையாமல் அமர்ந்து பயணம் செய்தால் இவ்வாபத்து ஏறத்தாழ இருமடங்காகிறது. எனினும் 6,000 பேரில் ஒருவருக்கே இது நேர்கிறது என்பதால் அஞ்சவேண்டியதில்லை. அசட்டையாக இருக்கவும் கூடாது. பயணம் நீளும்போதும், குறுகிய காலத்தில் பல விமானங்களில் செல்லும்போதும் ஆபத்து மிகுகிறது. உடற்பருமன் உடையோர், மிக உயரமானோர், மிகக் குள்ளமானோர், கருத்தடை மாத்திரை உட்கொள்வோர் ஆகியோருக்கும் அது கூடுதல். இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை எழுந்து நடத்தல், அமர்ந்தவாறே கணுக்காலை மேலும் கீழும் அசைத்தல், தளர்வான ஆடை அணிதல் ஆகியவை எளிய காப்புகள். இறுக்கக் காலுறையோ மருந்தோ தேவையா என்பதை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். பயணம் முடிந்த சில வாரங்களுக்குள் ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ மூச்சுத் திணறல் ஏற்பட்டாலோ உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

உணவைக் குறித்து ஒரு சொல். வறண்ட காற்றிலும் குறைந்த அழுத்தத்திலும் உப்புச் சுவையையும் இனிப்புச் சுவையையும் நாக்கு குறைவாகவே உணர்கிறது. விமான உணவு சப்பென்றிருப்பதற்குச் சமையற்காரர் மட்டுமே காரணமல்லர். நம்மவர் கேட்கக்கூடிய சைவ உணவின் குறியீடு ஏ.வி.எம்.எல்.; நீரிழிவு உடையோருக்கான உணவின் குறியீடு டி.பி.எம்.எல். விமானம் புறப்படுவதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்னதாக இதனைப் பதிவு செய்வது பொதுவான விதி. சில நிறுவனங்கள் இன்னும் முன்னதாகவே கேட்கின்றன. விமானத்தில் ஏறியபின் கேட்டால் கிடைக்கும் என்று நம்புதல் கூடாது.

சக்கர நாற்காலி: சலுகையன்று, சேவை

2024 பிப்ரவரியில் நியூயார்க்கிலிருந்து மும்பைக்கு ஏர் இந்தியா விமானத்தில் வந்திறங்கிய முதிய தம்பதியர் இருவரும் சக்கர நாற்காலி கேட்டிருந்தனர். ஒன்றே கிடைத்தது. மனைவியை அதில் அமர்த்திய 80 வயதுக் கணவர் உடன் நடந்து சென்றார். குடியேற்றச் சோதனைப் பகுதியில் சரிந்து விழுந்து, பின்னர் உயிரிழந்தார். தேவை மிகுதியாக இருந்ததால் காத்திருக்குமாறு வேண்டியதாகவும், அவர் நடக்க விரும்பியதாகவும் நிறுவனம் கூறியது. விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்ககம் அந்நிறுவனத்திற்கு 30 லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது.

இந்நிகழ்வு நமக்குக் கற்பிப்பவை இரண்டு. முதலாவது, சக்கர நாற்காலியைப் பயணச்சீட்டு எடுக்கும்போதே, குறைந்தது 48 மணி நேரம் முன்னதாகப் பதிவு செய்ய வேண்டும். இருவருக்குத் தேவையெனில் இருவரின் பெயரிலும் பதிவாகியுள்ளதா என்று சரிபார்க்க வேண்டும். படியேற முடியும், நெடுந்தொலைவு நடக்க இயலாது என்பவருக்கு ஒரு குறியீடும், படியேறவே இயலாதவருக்கு மற்றொன்றும் உள்ளன. உண்மை நிலையைச் சொல்லி உரியதைக் கேட்க வேண்டும். வர நேரமானால் காத்திருப்பதே நலம். அடுத்த விமானத்தைப் பற்றிய கவலை ஊழியருக்கு உரியது. இரண்டாவது, மொழி புரியாது, வழி தெரியாது என்பதற்காக மட்டும் நாற்காலி கேட்போரும் நம்மிடையே உள்ளனர். அவர்களுக்கெனப் பல நிறுவனங்களில் வழித்துணைச் சேவை தனியே உண்டு. அதனைக் கேட்டுப் பெற்றால், நடக்க இயலாத ஒருவருக்கு ஒரு நாற்காலி மிஞ்சும்.

உரிமைகளை அறிவோம்

இந்திய விமான நிறுவனங்களுக்குத் தலைமை இயக்ககம் வகுத்துள்ள விதிகளில் சிலவற்றை இங்கே தொகுத்துத் தருகிறோம்.

செல்லத்தக்க பயணச்சீட்டுடன் உரிய நேரத்தில் வந்தவருக்கு இடம் மறுக்கப்பட்டு, ஒரு மணி நேரத்திற்குள் மாற்று விமானம் தரப்படாவிடில் இழப்பீடு உண்டு. மாற்று விமானம் 24 மணி நேரத்திற்குள் அமைந்தால் ஒருவழி அடிப்படைக் கட்டணம், எரிபொருள் கட்டணம் ஆகியவற்றின் கூட்டுத்தொகையில் 200 விழுக்காடு, உச்சவரம்பு 10,000 ரூபாய். அதற்கு மேலும் தாமதமானால் 400 விழுக்காடு, உச்சவரம்பு 20,000 ரூபாய்.

பணம் செலுத்திய வகுப்பிற்குக் கீழான வகுப்பில் அமர்த்தப்பட்டால், பன்னாட்டுப் பயணத்தில் 1,500 கிலோமீட்டர் வரை பயணச்சீட்டு விலையில் 30 விழுக்காடும், 3,500 கிலோமீட்டர் வரை 50 விழுக்காடும், அதற்கு மேல் 75 விழுக்காடும் திரும்பப் பெறலாம். இவ்விதி 2023 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது.

நீண்ட தாமதத்தின்போது காத்திருக்கும் பயணிக்கு உணவும் சிற்றுண்டியும் தரப்படவேண்டும். மூடுபனி, புயல் போன்ற நிறுவனத்தின் கட்டுப்பாட்டிற்கு அப்பாற்பட்ட காரணங்களுக்குப் பண இழப்பீடு இல்லை என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும். வெளிநாட்டு நிறுவனங்கள் தத்தம் நாட்டு விதிகளின்படி இழப்பீடு வழங்கலாம். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளிலிருந்து புறப்படும் எந்த விமானத்திற்கும் அங்குள்ள விதி பொருந்தும். நெடுந்தூரப் பயணத்தில் அது 600 யூரோ வரை இழப்பீட்டிற்கு வழிவகுக்கிறது.

பெட்டி தொலைந்தாலோ சேதமடைந்தாலோ, இந்தியா 2009-இல் இணைந்த மாண்ட்ரியல் உடன்படிக்கை துணைநிற்கிறது. அதன்படி பெட்டிகளுக்கான பொறுப்பின் உச்சவரம்பு, 2024 டிசம்பர் 28 முதல், பயணி ஒருவருக்கு 1,519 சிறப்பு எடுப்பு உரிமை அலகுகள். ஏறத்தாழ 2,000 அமெரிக்க டாலர். சேதத்தை ஏழு நாட்களுக்குள்ளும், தாமதமாகக் கிடைத்த பெட்டி குறித்து 21 நாட்களுக்குள்ளும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். விமான நிலையத்தை விட்டு வெளியேறும் முன்பே அங்குள்ள ஊழியரிடம் புகார் அளித்து எண் பெறுவது மிக நன்று. குறை தீராவிடில் மத்திய அரசின் ஏர்சேவா தளத்தில் முறையிடலாம்.

செலவும் சிக்கனமும்

வங்கி என்ற முறையில் நாம் வலியுறுத்த விரும்புவது, முழுப் பயணத்தையும் ஒரே முன்பதிவில் எடுப்பது. கொல்கத்தாவிலிருந்து தில்லிக்கு ஒரு சீட்டு, தில்லியிலிருந்து லண்டனுக்கு மற்றொரு சீட்டு எனத் தனித்தனியே எடுத்தால் சில ஆயிரங்கள் மிஞ்சலாம். முதல் விமானம் தாமதமாகி இரண்டாவது தவறிப்போனால், இரண்டாவது நிறுவனத்திற்கு எப்பொறுப்பும் இல்லை. புதுச் சீட்டின் முழு விலையும் நம்முடையதே. உள்நாட்டு விமானங்களில் பெட்டிக்கு வழக்கமாக 15 கிலோவே இலவசம்; பன்னாட்டு அளவிற்குக் கட்டிய பெட்டிகளுக்குக் கூடுதல் கட்டணம் விழும். தில்லியில் பெட்டியை எடுத்து மீண்டும் ஒப்படைக்கவும் வேண்டும். ஒரே முன்பதிவில் சென்றால், இணைப்பு தவறும்போது மாற்று ஏற்பாடு செய்வது நிறுவனத்தின் கடமையாகிறது.

இந்திய ரிசர்வ் வங்கியின் விதிப்படி, 2020 அக்டோபர் 1 முதல், பற்று அட்டையையும் கடன் அட்டையையும் வெளிநாட்டில் பயன்படுத்தும் வசதியை வாடிக்கையாளரே இயக்கிக்கொள்ள வேண்டும். புறப்படும் முன் இதனைச் செய்து, வரம்பையும் நிர்ணயித்துக்கொண்டால், துபாயில் ஒரு கோப்பைத் தேநீருக்குத் திண்டாட நேராது. பயணக் காப்பீடு எடுக்கும்போது இரத்த அழுத்தம், நீரிழிவு போன்ற முன்னரே உள்ள நோய்களை மறைக்காமல் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் உரிமைக்கோரல் நிராகரிக்கப்படலாம். மருந்துகளையும் மருத்துவரின் சீட்டையும் கைப்பையிலேயே வைத்துக்கொள்ள வேண்டும். தாமதத்தால் செய்த செலவுகளின் இரசீதுகளைப் பாதுகாக்க வேண்டும்.

பாலிகஞ்சிலிருந்து டம்டம் விமான நிலையம் ஏறத்தாழ இருபது கிலோமீட்டர். அந்தத் தொலைவுக்கு வாடகைக் காரை முன்னதாகவே சொல்லிவைக்கும் நாம், பதினாயிரம் கிலோமீட்டருக்கு மேலான எஞ்சிய பயணத்திற்கும் அதே கவனத்தைச் செலுத்துதல் வேண்டும். சீட்டை எடுத்து அனுப்பும் மகனோ மகளோ, அதனுடன் இருக்கை எண், உணவுக் குறியீடு, சக்கர நாற்காலிப் பதிவு, காப்பீட்டு ஆவணம் ஆகிய நான்கையும் ஒரே தாளில் தமிழில் எழுதி அனுப்பினால், அதுவே பெற்றோருக்குச் சிறந்த வழித்துணையாகும்.