திரையில் கூட்டமா, நேரில் கூட்டமா? திருத்தணியிலிருந்து ஒரு பார்வை

திருத்தணியிலிருந்து சென்னை சென்ட்ரல் வரை ரயில் பாதை 80 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். புறநகர் மின்சார ரயிலில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதற்குப் பிறகு பழைய மகாபலிபுரம் சாலை வரை போக வேண்டியவர்களுக்கு அது தனிப் பயணம். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்ததும் இந்த அலைச்சல் ஒரே இரவில் நின்றது. அலுவலகக் கூட்டங்கள் மடிக்கணினித் திரைக்கு வந்தன. வீட்டுச் சாப்பாடு, நேரத்துக்குத் தொழுகை, பக்கத்தில் பெற்றோர் என்று நம் வீடுகளும் அதற்குப் பழகிவிட்டன.

இப்போது நிறுவனங்கள் திரும்ப அழைக்கின்றன. 2025-க்குள் கால்வாசி ஊழியர்கள் அலுவலகத்தில் இருந்தால் போதும் என்று 2020-ல் சொன்ன டி.சி.எஸ்., 2023 அக்டோபரில் வாரம் ஐந்து நாளும் வரச் சொன்னது. திரைக் கூட்டத்தையே தொழிலாகக் கொண்ட ஜூம் நிறுவனம்கூட, 80 கிலோமீட்டருக்குள் வசிக்கும் தன் ஊழியர்களை வாரம் இரண்டு நாள் நேரில் வரும்படி 2023 ஆகஸ்டில் கேட்டுக்கொண்டது. அந்தக் கணக்கை இங்கே வைத்தால் திருத்தணி சரியாக எல்லையில் நிற்கும்!

“எல்லாம் போனிலேயே முடிகிறதே, பிள்ளையை ஏன் அலைக்கழிக்கிறார்கள்?” என்று பெற்றோர் கேட்பது நியாயம்தான். ஆனால் எல்லாமே திரையில் முடிந்துவிடுவதில்லை.

மெலனி பிரக்ஸ், ஜொனாதன் லெவாவ் என்ற இரு ஆய்வாளர்கள் 2022-ல் ‘நேச்சர்’ இதழில் ஒரு பரிசோதனையை வெளியிட்டார்கள். இருவர் இருவராகச் சேர்த்து, ஒரு சாதாரணப் பொருளுக்குப் புதுப் பயன்களை யோசிக்கச் சொன்னார்கள். நேரில் அமர்ந்தவர்களுக்கு அதிக யோசனைகள் வந்தன. திரையில் பேசியவர்களுக்குக் குறைவு. ஐந்து நாடுகளில் சுமார் 1,500 பொறியாளர்களிடம் சோதித்தபோதும் இதே முடிவுதான். திரையைப் பார்க்கும்போது பார்வை அங்கேயே கட்டுண்டு விடுகிறது, மனதும் அதோடு குறுகிவிடுகிறது என்பது அவர்கள் தரும் விளக்கம். ஆனால் வந்த யோசனைகளில் நல்லதைத் தேர்ந்தெடுப்பதில் திரைக்காரர்கள் பின்தங்கவில்லை. ஆக, வேலை எதுவரை முடிந்தது என்று சொல்லவும், முடிவெடுக்கவும் திரை போதும். புதிதாக ஒன்றைத் தொடங்க, மனக்கசப்பைப் பேசித் தீர்க்க நேரில் போவதே நல்லது என்று நாம் கருதுகிறோம்.

இதைவிட முக்கியம், புதிதாக வேலைக்குச் சேர்ந்த பிள்ளைகளின் விஷயம். அமெரிக்காவில் ஒரு பெரிய நிறுவனத்தின் மென்பொறியாளர்களை ஆராய்ந்தபோது, குழுவோடு ஒரே கட்டடத்தில் இருந்தவர்களுக்கு மூத்தவர்களிடமிருந்து அதிகத் திருத்தங்கள் கிடைத்தது தெரிந்தது. இளையவர்களும் பெண்களும் இதில் கூடுதலாகப் பயன்பெற்றார்கள். மூத்தவர்களின் சொந்த வேலைதான் சற்றுக் குறைந்தது. சொல்லிக்கொடுக்க நேரம் போகுமல்லவா! பக்கத்து நாற்காலியில் இருப்பவரிடம் கேட்டுவிடும் ஒரு சின்னச் சந்தேகத்துக்காக யாரும் கூட்ட அழைப்பு அனுப்புவதில்லை. முதல் வேலையை முழுக்க வீட்டிலிருந்தே பார்ப்பதில் உள்ள இழப்பு இதுதான். சம்பளச் சீட்டில் அது தெரியாது.

அதற்காகத் தினமும் ஐந்து மணி நேரம் ரயிலில் கழிக்க வேண்டுமா? வேண்டியதில்லை. சீனாவின் டிரிப்.காம் நிறுவனத்தில் 1,612 ஊழியர்களிடம் நடந்த சோதனையில், ஒரு பகுதியினருக்குப் புதன், வெள்ளி இரு நாட்கள் வீட்டிலிருந்து வேலை செய்ய அனுமதி தரப்பட்டது. வேலைத் தரம் குறையவில்லை. ராஜினாமா மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. பெண்களிடமும் தூரத்திலிருந்து வருபவர்களிடமும் இந்தப் பலன் தெளிவாகத் தெரிந்தது. வெள்ளிக்கிழமை வீட்டில் என்றால் ஜும்ஆவுக்கும் வசதி. மேலாளரிடம் இப்படிக் கேட்பதில் தவறில்லை.

நம் பெண் பிள்ளைகள் பலர் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறார்கள். குழு முழுவதும் திரையில் இருந்தால் பிரச்சினை பெரிதல்ல. மற்றவர்கள் எல்லோரும் ஒரே அறையில், இவர் மட்டும் திரையில் என்றால் பேச்சு இவரைத் தாண்டிப் போய்விடும். மாதம் ஓரிரு முறையாவது அழைத்துச் சென்று விடுங்கள். வீட்டில் இருக்கும் நாட்களில், கூட்ட நேரத்தில் “ஒரு நிமிஷம் அடுப்பைப் பார்” என்று கூப்பிடாதீர்கள். கதவு மூடிய அந்த நேரத்தில் அவர் அலுவலகத்தில்தான் இருக்கிறார்.