சார்ல்ஸ்டனில் சோறு கிடைக்கும் இடம்

சார்ல்ஸ்டனுக்கு வரும் நம் ஊர்க்காரர்கள் என்னிடம் தவறாமல் கேட்பது, "இங்கே சோறு எங்கே கிடைக்கும்?" இந்திய உணவகத்துக்குத்தான் வழி கேட்கிறார்கள் என்று தெரியும். ஆனாலும் நான் அவர்களை அங்கே அனுப்புவதில்லை. அமெரிக்காவின் தென்கிழக்குக் கரையில், தென் கரோலைனா மாநிலத்தில் இருக்கும் இந்தத் துறைமுக நகரம் அரிசி விளைத்து, அரிசி விற்று, அரிசி தின்று வளர்ந்தது. நல்ல சோறும் வெண்டைக்காய்ச் சாறும் பொரித்த மீனும் உள்ளூர்க் கடைகளிலேயே உண்டு. விலையும் கைக்கு அடங்கும். ஆனால் அந்தக் கடைகள் சுற்றுலாப் பயணிகள் நடக்கும் தெருக்களில் இல்லை.

நான் நாகப்பட்டினத்தில் பிறந்தவள். மருத்துவமனை ஆய்வக வேலைக்காக இங்கே வந்து குடியேறினேன். மீன் வாசனையும் சோற்று மணமும் சேர்ந்து வரும் வீடுகளில் வளர்ந்த எனக்கு இந்த ஊர் அந்நியமாகப் படவில்லை. அப்படிப் படாமல் போனதற்கு முழுக் காரணம் இந்தக் கடைகளும் அவற்றை நடத்தும் பெண்களும்தான்.

ஊரின் அமைப்பைச் சொல்லிவிட்டால் மற்றது எளிது. ஆஷ்லி, கூப்பர் என்ற இரண்டு ஆறுகளுக்கு நடுவே நீண்டு கிடக்கும் தீபகற்பம்தான் பழைய சார்ல்ஸ்டன். அதன் தென் முனையில் பழங்கால மாளிகைகள், குதிரை வண்டிகள், கிங் தெருக் கடைகள், பழைய சந்தை. உலகம் முழுவதிலிருந்தும் ஆட்கள் வந்து குவியும் பகுதி அது. அங்கே உட்கார்ந்து சாப்பிட்டால் ஒரு தட்டு உணவே முப்பது டாலரைத் தாண்டும். அதன்மேல் உணவுக்கு 11 சதவீதம் வரி, பரிமாறுகிறவருக்கு 20 சதவீதம் வரை டிப்ஸ். நாலு பேர் குடும்பம் கை கழுவி எழும்போது சம்பளத்தில் ஒரு துண்டு போயிருக்கும்.

விலையாவது போகட்டும். அந்தத் தட்டில் இருக்கும் இறால் எந்தக் கடலுடையது என்று கேட்டுப் பாருங்கள். அமெரிக்கா இறக்குமதி செய்யும் இறாலில் பெரும் பங்கு பல ஆண்டுகளாக இந்தியப் பண்ணைகளிலிருந்து வந்ததுதான். ஆந்திரக் கரையில் வளர்ந்த வனாமி இறாலைப் பல ஆயிரம் மைல் தாண்டி வந்து, 'உள்ளூர்ச் சிறப்பு' என்ற பெயரில் தின்ன வேண்டிய அவசியம் நமக்கு இல்லை. ஆகவே உணவகத்தில் உட்காருமுன் "இறால் எங்கிருந்து வருகிறது?" என்று நேராகக் கேளுங்கள். இங்கே யாரும் அதைத் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. படகுக்காரரின் பெயரையோ துறையின் பெயரையோ சட்டென்று சொன்னால் நம்பலாம். உள்ளூர் இழுவைப் படகுகள் பிடிக்கும் இறால் கோடையிலும் இலையுதிர் காலத்திலும்தான் தாராளமாகக் கிடைக்கும்.

இந்த ஊர்ச் சோற்றுக்கு ஒரு கதை இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டு சாப்பிட்டால்தான் தட்டில் இருப்பது என்ன என்று புரியும். 1670-இல் ஆங்கிலேயர் இங்கே குடியேறினார்கள். அந்த நூற்றாண்டு முடிவதற்குள் சதுப்பு நிலத்தில் நெல் விளைந்தது. நெல் விளைக்கத் தெரிந்தவர்கள் அவர்கள் அல்லர். மேற்கு ஆப்பிரிக்காவில் தலைமுறை தலைமுறையாக நெல் பயிரிட்ட மக்களைக் கப்பலில் அடைத்துக் கொண்டுவந்து, இந்தச் சேற்றில் இறக்கி, கொசுவுக்கும் காய்ச்சலுக்கும் நடுவே வேலை வாங்கினார்கள். ஓதத்தில் ஏறும் ஆற்றுநீரை மதகு வைத்து வயலுக்குள் விட்டு, வரப்புக் கட்டி, உரலில் குத்திப் புடைத்தவர்கள் அந்த மக்கள்தான். 'கரோலைனா கோல்டு' என்று உலகச் சந்தையில் பெயரெடுத்த அரிசி அது. வட அமெரிக்காவுக்கு அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களில் மிகப் பெரும் பங்கினர் இறங்கியது இந்தத் துறைமுகத்தில். அவர்கள் இறங்கிய காட்ஸ்டன் துறையில் 2023-இல் சர்வதேச ஆப்பிரிக்க அமெரிக்க அருங்காட்சியகம் திறக்கப்பட்டது.

அந்த மக்களின் வழிவந்தவர்களைக் கல்லா, கீச்சி என்று அழைக்கிறார்கள். கடலோரத் தீவுகளில் ஒதுங்கி வாழ்ந்ததால் தங்களுக்கென்று ஒரு மொழியையும் சமையலையும் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். வட கரோலைனாவிலிருந்து ஃபுளோரிடா வரை அவர்கள் வாழும் கரையை 2006-இல் அமெரிக்க நாடாளுமன்றம் தேசிய மரபுப் பகுதியாக அறிவித்தது. வெண்டைக்காயும் தட்டைப்பயறும் அவர்களோடு ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவை. எள்ளும் அப்படித்தான் வந்தது. ஆனால் எள்ளை முதலில் பயிராக்கிய மண் நம் இந்தியத் துணைக்கண்டம். இங்கே எள்ளுப் போட்டுச் சுடும் மெல்லிய பிஸ்கட் ஒன்று உண்டு. அதைக் கடிக்கும்போதெல்லாம் அந்த எள் சுற்றி வந்த தூரத்தை நினைத்துக்கொள்வேன்.

சரி, கடையைக் கண்டுபிடிப்பது எப்படி?

தங்கும் விடுதியின் வரவேற்பில் கேட்காதீர்கள். அவர்கள் கிங் தெருவைத்தான் காட்டுவார்கள். பேருந்து ஓட்டுகிறவரிடம் கேளுங்கள். கட்டடம் துடைக்கிறவரிடம், அஞ்சல் கொண்டுவருகிறவரிடம் கேளுங்கள். எனக்கு வழி காட்டியது எங்கள் ஆய்வகத் தளத்தைச் சுத்தம் செய்யும் பெரியம்மா ஒருவர். நான் டப்பாவில் கட்டிக்கொண்டு போன வெண்டைக்காய்ப் புளிக்குழம்பைப் பார்த்துவிட்டு, "நீங்களும் இதைச் சோற்றில் ஊற்றித்தான் சாப்பிடுவீர்களா?" என்று வியந்து கேட்டார். அன்றைக்கே ஒரு தாளில் கடைகளின் பெயர்களை எழுதிக் கொடுத்தார்.

அடுத்தது, திசை. கடலைப் பார்த்து நடப்பதை விட்டுவிட்டு வடக்கே போங்கள். தீபகற்பத்தின் மேல்பகுதி, அதற்கும் மேலே நார்த் சார்ல்ஸ்டன். தண்டவாளம், கிடங்கு, லாரி நிறுத்தம் இருக்கும் பக்கங்களில்தான் உழைக்கிறவர்கள் மதியம் சாப்பிடுகிறார்கள். பதினொன்றரை மணிக்கு ஒரு சிறு கட்டடத்தின் முன்னால் மாநகராட்சி வண்டியும், மின்கம்பி போடுகிறவர்களின் வண்டியும், துறைமுகத் தொழிலாளர்களின் பிக்கப் வண்டிகளும் நின்றால் அங்கே நிறுத்துங்கள். அச்சடித்த மெனு இருக்காது. இன்றைக்கு என்ன என்று பலகையிலோ தாளிலோ எழுதியிருப்பார்கள். கிழமைக்கு ஒரு சமையல்.

இந்தக் கடைகளில் முறை ஒன்றுதான். கண்ணாடிக்குப் பின்னால் ஆவி பறக்கும் பெரிய தட்டுகள் வரிசையாக இருக்கும். வரிசையில் நின்று, ஒரு கறி அல்லது மீன், அதோடு இரண்டு மூன்று துணை உணவுகள் என்று சொல்ல வேண்டும். "என்னம்மா வேணும், கண்ணு?" என்ற தோரணையில்தான் பேச்சே தொடங்கும். வயது வித்தியாசம் பார்ப்பதில்லை. அள்ளி வைக்கிற கை தாராளம். பதினைந்து டாலரை ஒட்டிக் கொடுத்தால் இரண்டு வேளைக்குக் காணும் சாப்பாடு ஒரு டப்பாவில் வந்துவிடும். மேசையில் மிளகாய் ஊறிய வினிகர் இருக்கும். கீரையின் மேல் அதைக் கொஞ்சம் தெளித்துக்கொள்ளுங்கள்.

என்ன வாங்குவது? முதலில் வெண்டைக்காய் சூப். சூப் என்று பெயரே தவிர, அது குழம்பு. தக்காளி, வெண்டைக்காய், சோளம், டபுள் பீன்ஸ், புகையூட்டிய இறைச்சித் துண்டு எல்லாம் நெடுநேரம் கொதித்து, கொழகொழப்பு அடங்கிக் கெட்டியாக இருக்கும். வெள்ளைச் சோற்றின் மேல் ஊற்றித் தருவார்கள். அடுத்தது சிவப்புச் சோறு: தக்காளியில் வேகவைத்து, புகையூட்டிய சாசேஜ் நறுக்கிப் போட்டது. மேற்கு ஆப்பிரிக்காவின் ஜொலாஃப் சோற்றுக்கு நேர் வாரிசு. பருக்கை ஒட்டாமல் உதிரும் அந்தப் பதத்தைப் பார்த்தாலே சமைத்தவரின் கைப்பழக்கம் தெரியும். பிறகு, வைட்டிங் என்ற மீனைச் சோள மாவில் புரட்டிப் பொரித்திருப்பார்கள். வெளியே மொறுமொறு, உள்ளே வெண்மை. தட்டைப்பயறும் அரிசியும் சேர்த்து வேகவைக்கும் 'ஹாப்பின் ஜான்' புத்தாண்டு நாளில் ஏறக்குறைய எல்லா வீட்டிலும் உண்டு.

இப்படிப்பட்ட கடைகளில் பலரும் அறிந்தது நார்த் சார்ல்ஸ்டனில் இருக்கும் பெர்த்தாஸ் கிச்சன். ஆல்பெர்த்தா கிராண்ட் என்ற பெண்மணி தொடங்கியது. அவருடைய மகள்கள் தொடர்ந்து நடத்தி வந்தார்கள். 2017-இல் ஜேம்ஸ் பியர்ட் அறக்கட்டளையின் 'அமெரிக்காவின் செவ்வியல் உணவகம்' விருது இதற்குக் கிடைத்தது. அமெரிக்கச் சமையல் உலகில் பெரிதும் மதிக்கப்படும் விருது அது. விருது வாங்கிய பிறகும் அதே வரிசை, அதே தட்டு. தீபகற்பத்தின் கிழக்குப் பக்கம், பிளேக் தெருவில் ஹனிபால்ஸ் கிச்சன். அங்கே நண்டுச் சோறு. இந்தக் கடலின் நீல நண்டு நம் நீலக்கால் நண்டின் குடும்பத்தைச் சேர்ந்தது. சதையை உதிர்த்துச் சோற்றோடு சட்டியில் புரட்டி, மேலே பொரித்த இறாலும் போட்டுத் தருவார்கள். நாகப்பட்டினத்தில் என் அத்தை, மிஞ்சிய சோற்றில் நண்டு மசாலாவைப் பிரட்டிக் கொடுப்பார். கடல் ஒட்டிய அடுக்களைகளில் இந்த யோசனை எல்லாருக்கும் வரும்போல.

மார்த்தா லூஸ் கிச்சன் பற்றியும் சொல்ல வேண்டும். மார்த்தா லூ காட்ஸ்டன் 1983-இல் ஒரு பழைய பெட்ரோல் நிலையக் கட்டடத்தில் தொடங்கினார். இளஞ்சிவப்புச் சுவர், கொஞ்சம் மேசைகள், கோழி வறுவலும் டபுள் பீன்ஸும். நாடு முழுவதும் பெயர் பரவியது. ஆனால் இடம் அவருடையது இல்லை. நிலம் விற்பனையானது, 2020-இல் கடையை மூடினார். அடுத்த ஆண்டு 91 வயதில் காலமானார். கடை இருந்த சாலையில் இப்போது பெரிய பெரிய அடுக்குமாடிகள் எழுந்துவிட்டன. 1980 வாக்கில் இந்தத் தீபகற்பத்தில் கறுப்பின மக்கள்தான் பெரும்பான்மை. வாடகையும் வரியும் ஏற ஏற அவர்கள் வடக்கே தள்ளப்பட்டார்கள். கடைகளும் பின்னாலேயே போயின, அல்லது மூடப்பட்டன. இந்த ஊரின் பெயரை உலகம் எங்கும் கொண்டுபோன சமையல் இவர்களுடையது. இறால் பிடிக்கிறவர்கள் விடியலில் சாப்பிட்ட இறாலும் சோளக் கஞ்சியும் இன்று விலையுயர்ந்த உணவகங்களின் மெனுவில் முதல் பக்கத்தில் இருக்கிறது. அதைச் சமைத்துக் காத்தவர்களுக்கு அதே தெருவில் கடை வைக்க இடமில்லை என்பது எனக்கு ஆறவே ஆறாத விஷயம்.

சைவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. கீரை, பீன்ஸ், முட்டைக்கோஸ் என்று பெயரைப் பார்த்து நம்பிவிடாதீர்கள். ஏறக்குறைய எல்லாவற்றிலும் புகையூட்டிய பன்றி அல்லது வான்கோழி எலும்பு வெந்திருக்கும். கேட்டால் மறைக்காமல் சொல்வார்கள். சர்க்கரைவள்ளிக் கிழங்கு, பாலாடைக்கட்டி மக்ரோனி, வெள்ளைச் சோறு பெரும்பாலும் பாதகமில்லை.

ரிவர்ஸ் அவென்யூவையும் விட்டுவிடாதீர்கள். 1996-இல் மூடப்பட்ட கடற்படைத் தளத்தை ஒட்டி வளர்ந்த சாலை. மெக்சிகோக்காரர்களின் டாக்கோ வண்டிகள், வியட்நாம் நூடுல்ஸ் கடைகள் எல்லாம் இந்தப் பக்கம்தான். நகர மையத்திலிருந்து 10-ஆம் எண் பேருந்து அந்தச் சாலை வழியாகவே போகிறது. கார் இல்லாதவர்களுக்கு அது போதும். குளிர்காலத்தில் வந்தால் ஃபாலி கடற்கரைக்குப் போகும் வழியில் போவன்ஸ் ஐலண்ட் உணவகம் இருக்கிறது. அங்கே சிப்பியை ஈரச் சாக்குப் போட்டு மூடி அவித்து, மண்வெட்டியால் அள்ளி மேசையில் கொட்டுவார்கள். மலிவு என்று சொல்ல மாட்டேன். ஆனால் கொடுத்த காசுக்குக் குறைவில்லை.

வருகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். இந்தச் சிறு கடைகள் பெரும்பாலும் வார நாட்களில் மதியம்தான் திறந்திருக்கும். கிளம்புமுன் தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள். கையில் ரொக்கம் வைத்திருங்கள். கல்லாப் பக்கத்தில் இருக்கும் டிப்ஸ் ஜாடியில், கிங் தெருவில் கொடுத்திருப்பீர்களே, அதே அளவு போடுங்கள். பன்னிரண்டு மணிக்கு முன்னால் போய்விடுங்கள். பிந்திப் போனால் வெண்டைக்காய் சூப் தீர்ந்திருக்கும்.